நூற்றுப் பன்னிரண்டு குத்து

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், தகட்டில் கீறல் பார்த்தேன் என்று சொல்வேன். பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியும், சொல்லப் பிடிக்காது என்பதுதான் சரி.

விழுந்த விமானத்திலிருந்து எடுத்து வரும் பெட்டியைக் கறுப்புப் பெட்டி என்று பத்திரிகையில் போடுவார்கள். என் கைக்கு வந்தவை எல்லாம் ஆரஞ்சு நிறம். எழுபதுகளின் கடைசியில் அதற்குள் இருந்தது ஒரு உலோகத் தகட்டுச் சுருள், அவ்வளவுதான். விமானம் பறக்கும்போது சுருள் மெல்ல நகரும். நாலு ஊசிகள் அதில் கீறிக்கொண்டே போகும். ஒன்று உயரத்துக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று விமானத்தின் மூக்கு பார்க்கும் திசைக்கு, ஒன்று குலுக்கலுக்கு. ஒரு நிமிடப் பறப்புக்கு இரண்டரை மில்லிமீட்டர் தகடு. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, புள்ளி புள்ளியாக அளந்து, கிராஃப் தாளில் பெரிதாக வரைவது என் வேலை. வரைந்து முடித்தால் விமானம் எந்த வழியாக வந்தது, எங்கே திரும்பியது, எங்கே இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

அதில் செத்தவர்கள் தெரியமாட்டார்களா என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். தெரியமாட்டார்கள். கீறல்தான் தெரியும். அதனால்தான் அந்த வேலையில் என்னால் இருக்க முடிந்தது. விழுந்த இடத்துக்குப் போகிறவர்கள் வேறு. அவர்கள் திரும்பி வந்து கேன்டீனில் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

ஒரு ஐப்பசியில் மட்டும் அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. மெட்ராஸில் இறங்க வேண்டிய ஒரு பயணிகள் விமானம் உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவே கழனியில் விழுந்தது. நான் அதே வட்டாரத்தில், புள்ளலூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். விசாரணைக்கு வந்த அதிகாரி வடக்கே இருந்து வந்தவர், அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. அந்த ஜனங்கள் பேசுவது மெட்ராஸ் ஆட்களுக்கே பாதி புரியாது, நீதான் வரவேண்டும் என்று என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

போனபோது விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. உடல்களை எடுத்துவிட்டார்கள். சம்பா நடவு நேரம். நட்டு முடிந்த கழனியில் தண்ணீர் நின்றது, தண்ணீர் மேல் எண்ணெய் நின்றது. மண்ணெண்ணெய் நாற்றம் ஊர் எல்லையிலேயே ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்ற வேண்டும் என்று வரப்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்போதும் தோன்றவில்லை, பசிதான் எடுத்தது.

விமானத்தில் இருந்தவர்களைத் தவிர அந்த ஊரில் செத்தவர் ஒருவர்தான். ஒரு பண்ணையின் கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொண்ட கூலியாள். மோட்டார் கொட்டாய்க்குள் இருந்திருக்கிறார். விமானம் அதன் மேலேயே விழுந்துவிட்டது. கொட்டாய் இருந்த இடத்தில் கிணற்றின் வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது.

எங்களுக்கு ஊர்க்காரர்களிடமிருந்து வேண்டியது நேரம். விமானத்தின் சத்தம் எப்போது கேட்டது, எத்தனை தரம் கேட்டது, கேட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எல்லோரும் சத்தத்தைச் சொன்னார்கள், நேரத்தை யாரும் சொல்லவில்லை. ஒருவர் கண் மூடித் திறக்கிற நேரம் என்றார், இன்னொருவர் ஒரு பீடி பிடிக்கிற நேரம் என்றார். யார் கையிலும் கடிகாரம் இல்லை. இருந்த ஒருவரும் அதை வீட்டில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

மூன்றாம் நாள் செத்தவரின் மனைவி வந்தாள். முப்பது வயது இருக்கும். காலனியில் மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு. கூடவே செத்தவரின் தங்கையும் வந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாத்தனார்தான் பேசினாள்.

“இவதான் சார் அவர உள்ள போ, உள்ள போன்னு கத்தினவ. வெளிய இருந்திருந்தா எங்கண்ணன் ஓடியாந்திருப்பான். எய்திக்கோ.”

மனைவி மறுக்கவில்லை. “ஆமா சார், நான்தான் கத்தினேன்,” என்றாள்.

நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் நடவு ஆட்கள் அந்தக் கழனியை நட்டு முடித்தபோது ஒரு மூலை விட்டுப் போயிருந்தது. மறுநாள் மத்தியானம் அவள் ஒருத்தியாகப் போய் அதை நட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் மோட்டாரைப் போட்டுவிட்டு, கால்வாயில் ஒரு உடைப்பை மம்பட்டியால் அடைத்துக்கொண்டிருந்தார். மேகம் கழனி மேலேயே இறங்கியிருந்தது. மழை இன்னும் வரவில்லை.

“பெருசா உறுமிச்சு சார். மோட்டாராண்ட நிக்கறவங்களுக்குக் காது கேக்காது. இடி இடிச்சா கயனில கீறவங்கதான் கத்தணும். எப்பவும் அப்பிடித்தான். இடி கரண்டுக் கம்பி வய்யா எறங்கிடும்னு மோட்டார நிறுத்திட்டு கொட்டாயிக்குள்ள போய்டணும். கையில இரும்ப வேற வெச்சிக்கினு இருந்தாரு. மோட்டார நிறுத்து, உள்ள போன்னு கத்தினேன். நிறுத்திட்டு உள்ள போனாரு.”

இது எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். போன வருஷம்தான் அந்தப் பக்கத்தில் மம்பட்டியோடு நின்ற ஒருவர் மேல் இடி விழுந்திருந்தது. இடி கேட்டதும் மோட்டார்க்காரரைப் பார்த்துக் கத்தாத பெண்ணைத்தான் ஊர் திட்டும்.

“நீ ஏம்மா போகல?”

“இன்னும் கொஞ்சம்தான் சார் இருந்துது. நட்டு முச்சிட்டுப் போலாம்னு நட்டுக்கினே இருந்தேன். அப்பால திரும்பியும் சத்தம். தலையத் தூக்கிப் பாத்தேன். சேத்துல வுய்ந்துட்டேன்.”

கத்தினதற்கும் விமானம் விழுந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கேட்டேன். எல்லோரையும் போல ஏதோ சொல்லப் போகிறாள் என்று பேனாவை மூடினேன்.

“அங்கதான் சார் கீது, வந்து பாரு,” என்றாள்.

கூட்டிக்கொண்டு போனாள். எரிந்த இடத்திலிருந்து முந்நூறு அடி தள்ளி, போலீஸ் கயிற்றுக்குள்ளே, அந்த மூலை அப்படியே இருந்தது. நடவில் குனிந்தபடி பின்னால் நகர்ந்து போவார்கள். ஒரு காலடிக்கு ஒரு வரிசை, அவள் கைக்கு வரிசைக்கு ஆறு குத்து, அதாவது ஆறு இடத்தில் நாற்று. கத்துவதற்காக நிமிர்ந்தபோது ஒரு நாற்று முடியை அவிழ்த்திருக்கிறாள். முடியைக் கட்டியிருந்த நார் சேற்றில் ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து அவள் விழுந்து எழுந்த பள்ளம் வரை நாற்று நிற்கிறது. யாரும் மிதிக்கவில்லை. நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி எண்ணினேன். பதினெட்டு வரிசை, பத்தொன்பதாவதில் நாலு. நூற்றுப் பன்னிரண்டு குத்து.

பக்கத்துக் கழனியில் இறங்கி நட்டுக் காட்டச் சொன்னேன். யாரிடமோ ரெண்டு முடி நாற்று வாங்கி வந்தாள். நான் வரப்பில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று “ஆரம்பிம்மா” என்றேன். கொட்டாய் எரிந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நட்டாள். மூன்று தரம் நடச் சொன்னேன். மூன்று தரமும் ஒன்றிரண்டு நொடிதான் வித்தியாசம். அப்படி ஒரு கை. நூற்றுப் பன்னிரண்டு குத்துக்கு இரண்டு நிமிடம். இவ்வளவு நல்ல சாட்சி என் வேலையில் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கை கழுவிக்கொண்டு வந்தாள். நாத்தனார் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“சார், அந்த ஏரோப்ளேன் எங்க எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமாமே?”

“தகடு படிச்சா தெரியும்.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு சார். நான் கத்தினப்ப கேட்டது இடியா, இல்ல அந்த ஏரோப்ளேனா?”

“ஏன்?”

“இடின்னா அது ஆண்டவர் போட்டது. நான் கத்தினதுல தப்பு இல்ல. ஏரோப்ளேன்னா நான்தான் சார் அவர உள்ள அனுப்பி வெச்சவ.”

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

மெட்ராஸுக்குத் திரும்பித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கடைசி நுனி மடிந்து, ஒரு ஓரம் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரம் திசை ஊசியின் பக்கம். இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நாலு ஊசியும் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். எது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அளவுத் தாள் உண்டு. நாலு கீறலும் முடிகிற இடம் தெரிந்தால் தாள் இல்லாமலும் சமாளிக்கலாம். இங்கே திசைக் கீறல் முடிகிற இடம் கிழிந்துபோனது. தாள் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

நான் உட்காரவில்லை. அதிகாரி தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். தாளோ இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பேஜாராக இருந்தது. ஊசிகள் ஒரே கோட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு படம் வரைந்தேன். தாற்காலிகம் என்று பென்சிலால் மூலையில் எழுதவும் எழுதினேன். அந்தப் படத்தில் விமானம் தெற்கே எங்கேயோ ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு, நேராக வந்து விழுகிறது. விழுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அது நாலு கிலோமீட்டருக்கு அப்பால், மேகத்துக்குள் இருந்தது. அந்தத் தூரத்திலிருந்து உறுமல் கேட்க வழியில்லை. அப்படியானால் அவள் கேட்டது இடி.

குலுக்கல் ஊசியின் கீறல் முழுக்க நேராக இருந்தது. இடி மேகத்துக்குள் போன விமானத்தின் கீறல் அப்படி இருக்காது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் கழனியை மறுபடி அளக்கப் போனோம். அவள் வரப்பில் வந்து நின்றாள். கேட்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். இன்னும் முடியவில்லை, தாள் வரவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம். சேற்றில் நின்று அலுத்துப் போயிருந்தேன், அவள் நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது, தெரிந்ததைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அது கருணை இல்லை.

“இடிதாம்மா,” என்றேன். “ஏரோப்ளேன் அப்ப நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்துது.”

“நெசமாவா சார்?”

“தகட்டுல கீது.”

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நாத்தனார் வீட்டுப் பக்கம் போனாள். சாயங்காலம் நாங்கள் ஜீப்பில் காலனி வழியாகத் திரும்பியபோது இரண்டு பேரும் ஒரே வாசலில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள். நான் கை அசைத்தேன்.

அளவுத் தாள் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. திசை ஊசி மற்ற மூன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஒரு அரிசியின் தடிமன். பறப்பில் முப்பத்தாறு நொடி.

திசைக் கீறல் முழுவதையும் முப்பத்தாறு நொடி நகர்த்தி மறுபடி வரைந்தேன். தெற்கே இருந்த வட்டம் வடக்கே நகர்ந்தது. நகர்ந்து, அந்தக் கழனி மேலேயே வந்து உட்கார்ந்தது. விமானம் இரண்டாயிரம் அடிக்கும் கீழே, மேகத்துக்குள், அவள் தலைக்கு மேல் போயிருக்கிறது. ஒரு முழு வட்டம் திரும்பியிருக்கிறது. திரும்பும்போதே இறங்கியிருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து அதே இடத்துக்கு வந்து விழுந்திருக்கிறது. அவளுடைய இரண்டு நிமிடமும் தகட்டின் இரண்டு நிமிடமும் ஒரு நொடி பிசகாமல் பொருந்தின.

பென்சிலைக் கீழே வைத்தேன். போய்க் கேன்டீனில் டீ வாங்கினேன், குடித்தேன், திரும்பி வந்து மசியில் படத்தைப் போட்டேன். அன்று வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. அந்த வாரம் முழுவதுமே எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வெட்கம் வந்தது நிச்சயம். அது எந்த நாளில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

அதிகாரிக்கு ஒரே குஷி. தகடு கிழிந்திருந்ததால் வட்டம் எங்கே அடித்தது என்பதில் விமானக் கம்பெனியின் வக்கீல் சந்தேகம் கிளப்புவார். ஆனால் இரண்டு சத்தம் கேட்ட ஒரு பெண் இருக்கிறாள், நடுவே இரண்டு நிமிடம் என்று மண்ணிலேயே அளவு இருக்கிறது. அவளை விசாரணைக்குக் கூப்பிடு என்றார்.

முதல் படத்தை வைத்துக்கொண்டு அவளிடம் ஒன்று சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். “சாட்சியிடம் ஏன் பேசினாய்?” என்று கேட்டார். பிறகு பரவாயில்லை, அங்கே சரி செய்துகொள்ளலாம் என்றார். நான் முன்னாலேயே ஊருக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உத்திரமேரூருக்கு பஸ் இருந்தது. போகவில்லை.

விசாரணை உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரில் என் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். ஊர் வரைபடம், அதன் மேல் சிவப்பு மசியில் விமானம் வந்த வழி. கிணறு, கழனி, ஏரி எல்லாம் குறித்திருந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஜனங்கள் தமிழில் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் வெள்ளைச் சேலையில் வந்தாள். நாத்தனார் கையைப் பிடித்துக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற தெளிவு.

முதலில் கேட்ட சத்தம் என்ன என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“இடி,” என்றாள். “இந்த சாரே தகட்டப் பாத்து சொன்னாரு.”

வாயில் வந்த இங்கிலீஷை அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பெரிய உறுமல் என்று மட்டும் சொல்லிவிட்டால் அவர் எழுதிக்கொள்வார், வட்டம் பொருந்திவிடும், அவள் இடியோடு வீட்டுக்குப் போய்விடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் சொன்னேன். பெரிய உறுமல் என்றேன்.

கம்பெனி வக்கீல் மெட்ராஸ்காரர். அவருக்குத் தமிழ் தெரியும். எழுந்து, சாட்சி இடி என்றுதான் சொன்னாள், உறுமல் என்று சொல்லவில்லை என்றார். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வை நன்றாக இல்லை. “மின்னல் பார்த்தாளா என்று கேள்,” என்றார்.

கேட்டேன்.

“மின்னல் பாக்கல சார்.”

“மழை?”

“மய வரல. மறுநாளுதான் வந்துது.”

பதில் சொல்லிக்கொண்டே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு இல்லாதவள். ஆனால் ஏரி எது, ரோடு எது, கிணறு எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து அவள் நடந்த பூமி அது. எழுந்து படத்தின் கிட்டே போனாள். போலீஸ்காரர் தடுக்கப் போனார், அதிகாரி விடச் சொன்னார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். கோடு தெற்கிலிருந்து வந்து கிணற்றைத் தாண்டிப் போகிறது, வளைகிறது, வளைந்து மறுபடி கிணற்றுக்கு வருகிறது. விரல் அங்கே நின்றது.

“இதான் சார் அது வந்த வயியா?”

“ஆமாம்மா.”

“ரெண்டு வாட்டி எங்க கயனி மேலயே வந்துகீதே.”

விரலை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

“மொத வாட்டி வந்ததுதான் நான் கேட்டதா?”

மண்டபத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். “ஆமா,” என்றேன். “அப்ப சொன்னது தப்பு. அளவுத் தாள் அப்பால வந்துது. நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள், விலாசம் கேட்டவருக்கு வழி சொன்னால் ஆட்டுவது போல. திரும்பி வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. நாத்தனார் அவள் உட்கார இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

“எய்திக்க சொல்லு சார்,” என்றாள். “ஏரோப்ளேன் சத்தம்தான். இடின்னு நெனச்சி உள்ள போன்னேன்.”

அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். நல்ல சாட்சி என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் அறிக்கையில் ஒரு பாரா அதிகமானது, கம்பெனி வக்கீல் வேறு கேள்விக்குப் போனார், விமானம் ஏன் வட்டத்தில் அவ்வளவு கீழே இறங்கியது என்பது பற்றி இன்னும் மூன்று நாள் பேசினார்கள். அது வேறு கதை, அதில் எனக்குப் பங்கு இல்லை.

அன்றைய இடைவேளையில் அவளைத் தேடி வெளியே ஓடினேன். எனக்குத் திடீரென்று ஒன்று ஞாபகம் வந்திருந்தது. காலையில் எரிந்த பரப்பின் அளவுகளை வாசித்திருந்தார்கள், அதை அளந்தது நானும்தான். கொட்டாயிலிருந்து கால்வாய் உடைப்பு நாற்பது அடி. கொட்டாயைச் சுற்றி எரிந்தது நூற்றைம்பது அடி. கால்வாய்க் கரையில் ஒரு புல் மிச்சமில்லை. அவர் உள்ளே போகாமல் மம்பட்டியோடு அங்கேயே நின்றிருந்தாலும் பிழைத்திருக்க முடியாது. மேலே மேகம், மோட்டார் சத்தத்தில் காது வேறு கேட்காது, ஓட ஐந்து நொடி கூட இருந்திருக்காது. அவள் கத்தினதால் ஒன்றும் மாறவில்லை. இதில் ஊசி இல்லை, தாள் இல்லை, தாற்காலிகம் இல்லை. டேப் பிடித்து அளந்த உண்மை. முதல் நாளே இதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது வேறு கேள்வி, நான் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முன்னாலேயே போய்விட்டிருந்தாள். அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது அடி, நூற்றைம்பது அடி, கால்வாய்க் கரை, எல்லாம். எனக்கு மூச்சு வாங்கியது.

“அவர் நின்ன எடமும் எரிஞ்சி போச்சும்மா. உள்ள போனாலும் போவாட்டியும் ஒண்ணுதான். உன் மேல தப்பே இல்ல. நானே டேப்பு புடிச்சி அளந்தேன்.”

பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

“நீ நல்ல மன்சன் சார்,” என்றாள். “அன்னிக்கும் இப்பிடித்தான் சொன்ன.”